லீஸா, ரிலீஸா?

தமிழ்ப் பாடத்தில் மயங்கொலி எழுத்துகள் என்று ஒரு பகுதி உண்டு. ண, ன, ந என்று மூன்று. ல, ழ, ள என்று மூன்று. ர, ற என்று இரண்டு. ஆக எட்டு எழுத்துகள். வலி, வழி, வளி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு ஆசிரியர் ஒவ்வொருவராக எழுப்பி வாசிக்கச் சொல்வார். எங்கள் மார்க்கையன்கோட்டையில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகத்தான் ஒலிக்கும். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வாழைப்பழம் 'வாளப்பளம்'தான். நாக்கு வராவிட்டாலும் பாதகமில்லை, எழுத்தைப் பார்த்தால் எது பாதை, எது காற்று என்று தெரிந்துவிடும்.

ஆங்கிலத்திலும் இப்படிப்பட்ட சொற்கள் ஏராளம். 'ஸ்டேஷனரி' என்று இரண்டு சொற்கள். கடைசியிலிருந்து மூன்றாவது எழுத்து 'ஏ' என்றால் நகராமல் நிற்பது. 'இ' என்றால் பேனா, காகிதம், உறை. என்வலப் 'இ'யில் தொடங்குகிறது, அதை வைத்து ஞாபகம் வைத்துக்கொள் என்பார்கள். 'பிரின்சிபல்' என்றாலும் இரண்டு. பி, ஏ, எல் என்று முடிந்தால் கல்லூரி முதல்வர் அல்லது கடனின் அசல். பி, எல், இ என்று முடிந்தால் கொள்கை. 'நைட்' என்றால் இரவு. முன்னால் ஒரு 'கே' வந்தால் குதிரை வீரன்.

இந்த வீணான 'கே' எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் அந்தக் 'கே'யை உச்சரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1476இல் காக்ஸ்டன் என்பவர் லண்டனையொட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு வந்தபின் எழுத்துக்கூட்டல் கொஞ்சம் கொஞ்சமாக உறைந்துபோனது, பேச்சு மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. இறைச்சியைக் குறிக்கும் 'மீட்'டும் சந்திப்பைக் குறிக்கும் 'மீட்'டும் அன்று வேறு வேறு உயிரொலி கொண்டவை. இன்று காதுக்கு ஒன்று, கண்ணுக்கு இரண்டு. வெள்ளைக்காரன் வாயில் தொலைத்த வித்தியாசத்தைக் காகிதத்தில் பத்திரமாக வைத்திருக்கிறான்.

இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆங்கிலச் சொல்லை நாம் தமிழ் எழுத்தில் எழுதும்போது, அல்லது ஆங்கில எழுத்தே தெரியாதவரிடம் வாயால் சொல்லும்போது, அந்த எழுத்துக்கூட்டல் என்ற காவல் போய்விடுகிறது. சொல் வெறும் ஓசையாக வந்து நிற்கிறது. காடு கரை, கடன், மருந்து இந்த மூன்றிலும் வெறும் ஓசையை நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது, மாத்திரை விழுங்கக் கூடாது என்பது என் கட்சி.

நம் எழுத்தின் தன்மையும் இதில் சேர்ந்துகொள்கிறது. தமிழில் 'ப' ஒன்றுதான். ஆங்கிலத்தில் அதற்கு பி, பிஹெச், எஃப் எல்லாம் இருக்கின்றன. 'பில்' என்று எழுதினால் கடைக்காரர் தரும் ரசீதா, மாத்திரையா, நிரப்புவதா? ஆய்தம் போட்டு 'ஃபில்' என்று எழுதும் வழக்கம் வந்திருக்கிறது, ஆனால் எத்தனை பேர் போடுகிறார்கள்? 'கேஸ் வந்துருச்சா?' என்று வீட்டம்மா கேட்டால் சிலிண்டர். அதே கேள்வியைக் கோர்ட் வாசலில் கேட்டால் வழக்கு. விண்ணப்பப் படிவத்தை எங்கள் ஊரில் 'பாரம்' என்பார்கள். ரேஷன் கடைக்குப் பாரம் கொடுத்தாச்சு என்றால் மூட்டை தூக்கிக் கொடுத்ததாக வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்வார்.

இன்னொன்று. ஸகர மெய்யில் தொடங்கும் சொல்லுக்கு முன் ஓர் 'இ' போட்டுக்கொள்வது கிராமத்துப் பேச்சு. ஸ்கூல் 'இஸ்கூல்' ஆகும். அப்படியே ஸ்டேட்டும் 'இஸ்டேட்', எஸ்டேட்டும் 'இஸ்டேட்'. விடியற்காலையில் ஜீப் பிடித்துக் கேரள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்களைக் கேட்டால் 'இஸ்டேட்டுக்குப் போறோம்' என்பார்கள். தோட்டத்துக்கும் போகிறார்கள், அடுத்த மாநிலத்துக்கும் போகிறார்கள். இந்த ஒரு குழப்பத்தில் மட்டும் இரண்டு அர்த்தமும் சரி!

நம் சொற்கள் ஆங்கில எழுத்துக்குள் போனாலும் இதே கதைதான். எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது கோட்டைக்கும் கொட்டைக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். பெயரின் முன்பாதிக்குக் 'கே' ஒன்றா இரண்டா, சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பது அந்தந்தக் காகிதத்தின் விருப்பம். வெள்ளைக்காரன் கம்பத்துக்கு எழுதிவைத்த அதே எழுத்துக்கூட்டலில் ஆந்திராவில் ஓர் ஊர் இருக்கிறது. குண்டூர் – நந்தியால் ரயில் பாதையில் அந்தப் பெயரில் ஸ்டேஷனும் இருக்கிறது. எங்கள் பக்கம் ரயில் போடி வரை வந்ததே 2023இல்தான், கம்பத்துக்கு ரயிலே கிடையாது. பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் போட்டால் ஆந்திராவில்தான் இறங்க வேண்டும். 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஒத்தபடி ஆங்கிலத்தில் எழுத அரசாணை வெளியிட்டது நினைவிருக்கலாம். எழுத்துக்கூட்டல்கள் நீண்டு போய்க் கேலிக்கு ஆளானதில் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு மொழியின் ஒலியை இன்னொரு மொழியின் எழுத்தில் அடைப்பது லேசான காரியமில்லை.

ஊர்ப் பெயர் மாறினால் டிக்கெட் காசு போகும், அவ்வளவுதான். நிலம் அப்படியில்லை.

ஓய்வு பெற்று ஊரில் உட்கார்ந்திருப்பவனிடம் காகிதம் படித்துச் சொல்லச் சொல்லி யாராவது வருவது வழக்கம். சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா வந்தார். அறுபதை நெருங்கிய வயது. இங்கே பிறந்து வேறு ஊரில் கட்டிக்கொடுத்தவர். எழுத்து வாசனை கிடையாது.

"அண்ணே, தம்பி வயலை லீசுக்கு விடப் போறானாம். பொறந்தவுக எல்லாரும் கையெழுத்துப் போடணுமாம். நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வரச் சொல்லிருக்கான். என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு நகலை நீட்டினார்.

முதல் பக்கத்தின் உச்சியிலேயே கொட்டை எழுத்தில் தமிழில் இருந்தது: விடுதலைப் பத்திரம்.

தம்பியைக் குறை சொல்ல வரவில்லை. அவர் 'ரிலீஸ்' என்றுதான் சொல்லியிருக்கிறார். பத்திரம் எழுதுகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்த அம்மாவுக்கு ரிலீஸ் என்றால் சினிமாப் படம். வயலோடு சேர்த்து அவர் வாழ்நாளில் கேட்ட சொல் 'லீஸ்'. முன்னால் நின்ற 'ரி' காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் அதன் கனம் தெரிந்திருக்காது.

லீஸ் என்றால் குத்தகை. நிலம் உங்களுடையது, காலம் முடிந்ததும் உங்களிடம் திரும்பும். ரிலீஸ் என்றால் கூட்டுச் சொத்தில் உங்களுக்குள்ள பங்கை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுத்துவிடுவது. பதிவு ஆனபின் திரும்பாது. மனம் மாறினால் நீங்கள் மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. ஏமாற்றி வாங்கினார்கள் என்றால் கோர்ட் படிதான் ஏற வேண்டும். ஓர் அசை வித்தியாசம். ஒன்றில் நிலம் இருக்கிறது, மற்றதில் இல்லை.

பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தகப்பனார் சுயமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்குச் சமபங்கு உண்டு என்பது 1956இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் வந்துவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகளையும் மகனுக்குச் சமமாக்கித் தமிழ்நாடு 1989இல் திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. அந்தக் குறையை 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் நீக்கியது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று தெளிவாக்கியது. இத்தனை காலம் எடுத்துக் கிடைத்த பங்கு, கூடப்பிறந்தவன் கேட்டானே என்று ஒரு மத்தியானத்தில் போய்விடுகிறது. தெரிந்து கொடுத்தால் அது பாசம். தெரியாமல் போனால் அதற்கு வேறு பெயர்.

நான் தலைப்பைப் படித்துச் சொன்னதும் அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பங்க விட்டுக் குடுன்னு நேராக் கேக்கச் சொல்லுங்கண்ணே. குடுப்பேன், குடுக்காமலும் போவேன். லீசுன்னு சொல்லாம இருந்தாச் சரி" என்றார். கடைசியில் அவர் விட்டுத்தான் கொடுத்தார். ஒரு தொகை பேசி, இன்னது செய்கிறோம் என்று தெரிந்து கொடுத்தார்.

லீஸ் என்ற சொல்லுக்கே நம்மிடம் இரண்டு வாழ்க்கை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் சொல்லும் லீஸ், வாடகை அல்லது குத்தகை கொடுத்து அனுபவிப்பது. மதுரை, சென்னை வீட்டு விளம்பரங்களில் 'லீஸுக்கு' என்றால், மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. நம்மவர்கள் அதை ஒத்தி என்பார்கள். குத்தகை, ஒத்தி, விடுதலை என்று மூன்று தெளிவான சொற்கள் கையில் இருக்கும்போது எதற்கு லீஸ், ரிலீஸ்?

அடுத்தது 'பிளாட்'. நெல் விளைந்த வயலில் கல் நட்டுக் கொடி கட்டி 'பிளாட் விற்பனைக்கு' என்று பலகை வைக்கிறார்கள். அடுக்குமாடி வீடு விற்பவரும் 'பிளாட் விற்பனைக்கு' என்றே போடுகிறார். ஆங்கிலத்தில் முன்னதற்கும் பின்னதற்கும் முதலெழுத்தும் வேறு, நடுவில் உள்ள உயிரெழுத்தும் வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மனை வாங்கினால் நான்கெல்லை போட்ட மண் உங்களுடையது. அடுக்குமாடியில் வாங்கினால் வீடு உங்களுடையது, அடியில் உள்ள மண்ணில் பிரிக்கப்படாத பாகம் மட்டும்தான். சென்னையில் பிளாட் வாங்கியிருக்கிறான் பிள்ளை என்று ஊரில் பெருமையாகச் சொல்லும்போது, கேட்பவர் தென்னை வைக்க இடம் இருக்கிறதா என்று விசாரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடன் வாங்கும் இடத்தில் 'சூரிட்டி', 'செக்யூரிட்டி' என்று இரண்டு சொற்கள் புழங்கும். செக்யூரிட்டி என்றால் ஈடாக வைக்கும் நகையோ நிலமோ. சூரிட்டி என்றால் ஆள். நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போடுகிறவர். 'சும்மா செக்யூரிட்டிக்கு ஒரு கையெழுத்து மாமா' என்று மருமகன் கேட்பான். ஒரு பாதுகாப்புக்காக, சாட்சி மாதிரி என்று மாமாவுக்குப் படும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவைப் பாருங்கள். வேறு விதமாக ஒப்பந்தம் எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அதே அளவு ஜாமீன்தாரருக்கும் பொறுப்பு. கடன்காரரை முதலில் தேடிப் பிடித்து, அவரிடம் இல்லை என்றால்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்பதும் இல்லை. 'ஜாமீன் கையெழுத்து' என்று சொல்லியிருந்தால் மாமா ஒரு நாள் யோசித்திருப்பார். ஜாமீன் போட்டுக் கெட்ட குடும்பம் ஊருக்கு ஊர் உண்டே.

மருந்துக்கு வருவோம். 'எனக்குத் தைராய்டு இருக்கு' என்று இன்று பாதிப் பேர் சொல்கிறார்கள். தைராய்டு சுரப்பி கழுத்தில் எல்லோருக்கும்தான் இருக்கிறது! அது குறைவாகச் சுரந்தால் ஹைப்போ, அதிகமாகச் சுரந்தால் ஹைப்பர். ஹைப்போவில் சோர்வு, உடல் எடை கூடுதல், குளிர் தாங்காமை. ஹைப்பரில் எடை குறைதல், படபடப்பு, வியர்வை. முன்னதற்குத் தைராக்சின் கொடுத்துக் கூட்ட வேண்டும். பின்னதற்குக் கார்பிமசோல் போன்ற மருந்து கொடுத்துக் குறைக்க வேண்டும். கிரேக்க மொழியில் ஒன்று 'கீழே', மற்றது 'மேலே'. வாயால் வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். அக்கா சாப்பிடுகிற அதே மாத்திரைதானே என்று தங்கை வாங்கிப் போட்டுக்கொண்டால், இருக்கிற நோய் இன்னும் முற்றும்.

மருந்துகளின் பெயர்களிலேயே இந்த ஆபத்து உண்டு. ஹைட்ராலசின் இரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. உலக சுகாதார நிறுவனம் 2007இல் நோயாளிகளின் பாதுகாப்புக்காக ஒன்பது தீர்வுகளை வெளியிட்டபோது, பார்க்கவும் கேட்கவும் ஒன்றுபோல் இருக்கும் மருந்துப் பெயர்களைத்தான் முதலில் வைத்தது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட பெயர்களில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். நம் நாட்டில் 2016இல் அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில், மருத்துவர்கள் மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று விதியைத் திருத்தியது. நல்லதுதான். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாதே! ஆகவே நமக்கு அந்த உபாயம் உதவாது. நமக்குப் பொருள்தான் காவல். 'குறைவா, கூடுதலா?' என்று ஒரு கேள்வி கேட்டால் ஹைப்போவும் ஹைப்பரும் பிரிந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு, 'ஐயா தனித்தமிழுக்குக் கொடி பிடிக்கிறார்' என்று யாராவது நினைக்கலாம். இல்லை. நானே இந்தக் கட்டுரையில் எத்தனை ஆங்கிலச் சொற்களைப் போட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பாருங்கள். ஜாமீனும் ரசீதும் தமிழ் இல்லை, வடக்கிலிருந்து வந்தவை. ஆனால் அவை இங்கே வந்து தங்கி, அவற்றின் கனம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு வேண்டியது தூய்மை இல்லை, தெளிவு.

இதில் நம் முன்னோர்கள் கெட்டிக்காரர்கள். 'உயில்' என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆங்கில 'வில்'தான். அதை அப்படியே 'வில்' என்று எழுதியிருந்தால் இராமன் கையில் இருக்கும் வில்லா, 'நிலத்தை வில்' என்கிற கட்டளையா என்று தடுமாறியிருப்போம். சொத்து எழுதும் காகிதத்தில் 'வில்' என்று இருந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். ஓசையைக் கொஞ்சம் திருப்பி 'உயில்' ஆக்கிவிட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எழுத்தறியாத கிழவிக்கும் வேறு எதுவும் நினைவுக்கு வராது. கடன் வாங்கினாலும் குழப்பம் வராமல் வாங்கினார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அரசு அலுவலகத் தமிழ் சில சமயம் ஆங்கிலத்தைவிடக் கடினம் என்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. 'விடுதலைப் பத்திரம்' என்றால் ஜெயிலிலிருந்து வெளியே வருகிற காகிதம் என்று ஒருவர் நினைத்தால் அவர் மேல் தப்பில்லை. அந்த அம்மாவுக்கு நான் படித்துக் காட்டியதோடு விடாமல் 'பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம்' என்று சொன்ன பிறகுதான் விளங்கியது. ஆகவே தமிழ்ச் சொல் போட்டுவிட்டோம், கடமை முடிந்தது என்று பத்திரம் எழுதுகிறவர்கள் இருந்துவிடக் கூடாது. சார்பதிவாளர் முன்னால், 'நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள்?' என்று கேட்கும்போது 'ஆமா' என்று தலையாட்டுவது எல்லோராலும் முடியும். 'என்ன எழுதிக் கொடுத்தீர்கள்?' என்று கேட்டு அவர் வாயால் சொல்ல வைத்தால் பாதி வழக்குகள் கோர்ட்டுக்கே போகாது.

பள்ளிக்கூடத்திலும் ஒரு மாற்றம் வேண்டும். ஒலி ஒன்றி வரும் ஆங்கிலச் சொற்களை இருபது, முப்பது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் எல்லாம் கலந்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் நம் வீட்டுச் சொல்லை எழுத வைக்கலாம். பிரின்சிபல் என்றால் அசல், மற்றது கொள்கை. செக் என்றால் காசோலை, இன்னொரு செக் சரிபார்ப்பது, எண்ணெய் ஆட்டும் செக்கு நம்முடையது. மயங்கொலி பாடத்தை ஒட்டியே இதையும் நடத்தலாம். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கூடிப் பேச வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைதான் நாளைக்கு அப்பத்தாவுக்குப் பத்திரம் படித்துச் சொல்லப் போகிறது.

அதுவரை வீட்டில் பெரியவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கையெழுத்துக் கேட்டு யார் வந்தாலும், கூடப்பிறந்தவராகவே இருந்தாலும், முதல் பக்கத்தின் தலைப்பை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு, 'இதுல போட்டா எனக்கு என்ன போகும், என்ன வரும்?' என்று கேளுங்கள். ஆங்கிலச் சொல் கலக்காமல் பதில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாதவரிடம், நாளைக்கு வா என்று அனுப்பிவிடுங்கள். ஒரு நாளில் வயல் எங்கும் ஓடிவிடாது.